சுற்றறிக்கை, நான்காம் பத்தி

பேராசிரியப் பெருமக்களின் கனிவான கவனத்திற்கு,
என்று தொடங்கிவிட்டேன்.
கனிவு இருக்கிறதோ இல்லையோ
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஒன்று.
வாசிப்பறை இனி இரவு எட்டு மணி வரை.
மின்சாரம் இருந்தால்.

இரண்டு.
பதினொரு ஆய்விதழ்களுக்குச் சந்தா நின்றுவிட்டது.
பட்டியல் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது.
இயற்பியல் துறை மாசிலாமணி ஐயா தவிர
ஒருவரும் வந்து கேட்கவில்லை.
அவர் கேட்டதும்
பழைய இதழ்களை எடைக்குப் போடுவீர்களா என்றுதான்.

மூன்று.
புதிய நூல்கள் முந்நூற்றுப் பத்து
நேற்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
சரக்கு ரயிலுக்காக நாற்பது நிமிடம் நின்று
மழையில் நனைந்து வந்து சேர்ந்தன.
ஈரப்பதம் கூடினால்
கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள்.
நாங்கள் வாங்கிக்கொண்டோம்.
மின்விசிறிக்கு அடியில் விரித்திருக்கிறது.
காய்ந்ததும் எண் போடுவோம்.

நான்கு.
இங்கே பேனா நிற்கிறது.

பத்தாண்டுகளில் ஒருமுறைகூட
இரவல் போகாத நூல்களை நீக்க வேண்டும்.
மேலிடம் இதற்கு வைத்த பெயர் களையெடுப்பு.
கணினி ஒரே மூச்சில்
இரண்டாயிரத்து நூற்று நாற்பதைப் பிடுங்கிப் போட்டது.
வயலில் இறங்குகிறவர்கள்
குனிந்து, தாளைத் தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பார்கள்.
கதிர் தள்ளும்வரை
குதிரைவாலிப் புல்லும் நெல் மாதிரியே நிற்கும்.
கணினிக்குக் குனியத் தெரியாது.

பட்டியலோடு அலமாரி அலமாரியாய்ப் போனேன்.
தூசி. தூசி. செல்லரித்த முதுகு.
போகட்டும், போகட்டும் என்று குறியிட்டுக்கொண்டே வந்ததில்
கடைசி வரிசை, கீழ்த்தட்டு:
கடலோர நிலத்தடி நீரில் உப்பேறுவதைப் பற்றிய
பழைய கள ஆய்வறிக்கை, இரண்டு தொகுதி.
தேதிச் சீட்டு வெள்ளையாக இருந்தது.
மேல்விளிம்பில் தூசி இல்லை.

உள்ளே பென்சிலில் பொடிப்பொடி எண்கள்.
தில்லைவிளாகம், ஜாம்புவானோடை, தொண்டியக்காடு,
கிணறு கிணறாக
அச்சிட்ட அளவுக்குப் பக்கத்தில் இந்த வருஷத்து அளவு.
நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம்.
அபராதம் ஐம்பது ரூபாய்.
எழுதியவரை எனக்குத் தெரியும்.

ஜபருல்லா.
புவியியல் துறை, கௌரவ விரிவுரையாளர்.
முத்துப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர்.
சாப்பாட்டு இடைவேளையில்
அந்த வரிசையில் நின்றபடியே வாசிப்பார்.
ஒன்பது வருஷமாக.
கௌரவமானவர்களுக்கு இரவல் அட்டை கிடையாது, விதி ஏழு.
அட்டை இல்லாதவரின் வாசிப்பு
எந்தக் கணக்கிலும் ஏறாது.

பொதுப்பணித்துறைக் கணக்கில்
கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும்.
போய்ப் பார்த்தால் மதகு காய்ந்து கிடக்கும்.
இது அதற்கு நேரெதிர்.
கணக்கில் காய்ந்த மடை.
கைவைத்துப் பார்த்தால் ஈரம்.

என் அட்டையை எடுத்தேன்.
வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்தது;
புகைப்படத்தில் இருப்பவளுக்கு என்னை அடையாளம் தெரியாது.
இரண்டு தொகுதியையும் என் பெயரில் பதிந்து
முத்திரை குத்தி
அதே கீழ்த்தட்டில் திரும்ப வைத்தேன்.
பட்டியல் இரண்டாயிரத்து நூற்று முப்பத்தெட்டு ஆனது.
மற்ற முப்பத்தெட்டிலும் நூற்றிலும் ஆயிரத்திலும்
யார் யார் நின்றுகொண்டு படித்தார்களோ,
என்னிடம் இருப்பது ஒரே அட்டை.

ஆகவே, நான்கு:
நீக்கவிருக்கும் நூல்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது.
ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள்
நேரில் வந்து
குனிந்து பார்த்துத் தெரிவிக்கவும்.

ஐந்து.
கௌரவ விரிவுரையாளர்களுக்கு அட்டை கோரும் கோப்பு
மூன்றாம் முறையாக அனுப்பப்பட்டுள்ளது.

ஒப்பம்,
தையல்நாயகி, துணை நூலகர்.

மறந்துவிட்டேன்.
அபராத ரசீது ஒன்று கிழித்தாயிற்று,
பென்சில் குறிப்புகளுக்காக,
ஐம்பது ரூபாய்,
என் பெயரில்.